அப்பாவின் கடிகாரம் ஏன் ஒலிக்கவில்லை?

கேள்வி: மாந்தோப்புக்கு நீர் பாய்ச்ச, மும்முனை மின்சாரம் வரும் நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடுவதற்காக என் தந்தை கட்டியிருந்த சீகோ பெல்-மாட்டிக் கைக்கடிகாரம் இப்போது என்னிடம் உள்ளது. கையில் இருக்கும்போது நன்றாக ஓடுகிறது. நாள் முழுவதும் கட்டியிருந்தும் அலாரம் மட்டும் ஒலிப்பதில்லை. அந்தப் பகுதியைக் கழற்றிவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? பின்மூடியில் 4006 என்றும், 45 எனத் தொடங்கும் ஆறிலக்க எண்ணும் உள்ளன. இது எந்த ஆண்டுக் கடிகாரம்?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். உங்கள் கடிகாரத்தில் பழுதே இல்லாமல்கூட இருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் என்றதும் எல்லாம் தானே நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கை அசையும்போது உள்ளே சுழலும் எடைத்தகடு, நேரம் காட்டும் ஸ்பிரிங்கை மட்டுமே முறுக்குகிறது. அலாரத்துக்கு வேறொரு ஸ்பிரிங் உண்டு, அதற்கு நாம்தான் ஒவ்வொரு முறையும் சாவி கொடுக்க வேண்டும். மூன்று மணிப் பக்கம் உள்ள திருகை வெளியே இழுக்காமல், கடிகாரம் சுற்றும் திசையில், இறுக்கம் தெரியும்வரை மெதுவாகத் திருகுங்கள். பின்பு அதையே ஒரு படி இழுத்துத் திருப்பினால் டயலின் ஓரத்து உள்வளையம் நகரும். அதிலுள்ள முக்கோணத்தை எழ வேண்டிய நேரத்தில் நிறுத்தித் திருகை உள்ளே தள்ளிவிடுங்கள். கடைசியாக, இரண்டு மணிப் பக்கத்துப் பித்தானை வெளியே இழுத்து வைக்க வேண்டும். அது உள்ளே அழுந்தியிருந்தால், எவ்வளவு சாவி கொடுத்திருந்தாலும் அலாரம் ஒலிக்காது. உரிய நேரத்தில் சிறு சுத்தியல் ஒன்று படபடவென அடித்து, சில்வண்டு கத்துவதுபோல் சில விநாடிகள் ஒலி எழுப்பும். வளையத்தைக் கண்ணால் பார்த்து வைப்பதால் சில நிமிடம் முன்பின்னாக ஒலிப்பது இயல்பு.

ஆண்டைப் பொறுத்தவரை, சீகோவின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். பெல்-மாட்டிக் 1966இல் அறிமுகமாகி எழுபதுகளின் இறுதிவரையே தயாரானது. ஆகவே உங்களுடையது 1974 மே மாதத்தில் செய்யப்பட்டது. தானே முறுக்கிக்கொள்ளும் கடிகாரத்தில் அலாரத்தையும் சேர்த்து, 1956இல் சுவிட்சர்லாந்தின் ஜேகர்-லெகூல்த்ர் நிறுவனம் மெமோவாக்ஸை வெளியிட்ட பிறகு, இந்த வகையில் சாதாரண மக்களின் கைக்கும் வந்து சேர்ந்தது இதுதான் என்பதால், இதன்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

சாவி கொடுத்தும் ஒலிக்காவிட்டால், பெரும்பாலும் பழைய எண்ணெய் பசையாக உறைந்திருக்கும். அதைச் சுத்தம் செய்ய, அலாரக் கடிகாரத்தை முன்பே பிரித்துக் கோத்த அனுபவம் உள்ளவரிடமே கொடுங்கள். ஓசூரில் பெரிய கடிகாரத் தொழிற்சாலை இருந்தாலும், பேட்டரியில் ஓடுவதற்கும் இதற்கும் வேலை வேறு. 1961 முதல் எச்.எம்.டி. கடிகாரங்கள் உருவான பெங்களூரில் மூத்த கைவினைஞர்களை விசாரிப்பது நல்லது. உறையைப் பாலிஷ் போட வேண்டாம் என்றும், மாற்றும் பழைய பாகம் ஒவ்வொன்றையும் திருப்பித் தர வேண்டும் என்றும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.