பள்ளி, கல்லூரிக்கு வெளியே உங்களுக்குக் கிடைத்த சிறந்த ஆசிரியர் யார்?

எனக்கு அவர் நடன ஆசிரியர். ஊர், அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளேர் மாவட்டத்தின் ஒரு சின்னப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த கிராமம். ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு மண்டபம், இரண்டு மதுக்கடை, மீதியெல்லாம் புல்லும் மாடும். தன்னைப் பற்றி யாரும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

2016-இல் முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலைக்காக இங்கே வந்தேன். முதல் குளிர்காலம் தாங்க முடியவில்லை. நாலரைக்கே இருட்டிவிடும். வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கதவைத் தட்டும் சத்தம். இல்லத்தில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்க அடிக்கடி வருகிற பெரியவர் நின்றுகொண்டிருந்தார். காரில் அவர் மனைவி.

"ஏழு பேர் இருக்கிறோம். எட்டாவது ஆள் வேண்டும். வருகிறாயா?"

ஆடத் தெரியாது என்றேன்.

"நடக்கத் தெரியும்தானே? கோட்டை எடுத்துக்கொண்டு வா."

அந்த 'எட்டு' ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் நடனம் என்றதும் நமக்கு நினைவு வருவது, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு கால் மட்டும் பறக்கிற மேடை நடனம். செட் டான்ஸ் வேறு. நான்கு ஜோடிகள் சதுரமாக, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்பார்கள். எதிரெதிர் நிற்கும் இரண்டு ஜோடி டாப்ஸ், மற்ற இரண்டும் சைட்ஸ். முன்னால் போவது, பின்னால் வருவது, இடம் மாறுவது, கை பிடித்துச் சுழல்வது, சதுரத்தை முழுதாகச் சுற்றிவருவது என்று எல்லாமே எட்டுப் பேரும் சேர்ந்து செய்யும் கணக்கு. ஏழு பேர் வந்தால் அந்த ஏழு பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான். ஆள் குறைந்துகொண்டே வருகிற கிராமத்தில் ஒரு நடனத்தை உயிரோடு வைத்திருப்பது என்றால், கால் அடவு சொல்லிக் கொடுப்பதைவிட அந்த எட்டாவது ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவதுதான் பெரிய வேலை. கதவைத் தட்டிய அந்தப் பெரியவர், என் மாஸ்டர், முப்பது வருஷத்துக்கும் மேலாக அதைச் செய்துகொண்டிருக்கிறார். சாயங்காலம் மாட்டுக்குப் பால் கறந்து, குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, வழியில் யார் யாருக்கு வண்டி இல்லையோ அவர்களை ஏற்றிக்கொண்டு எட்டரைக்கு மண்டபத்தைத் திறப்பார். ஆளுக்கு ஐந்து யூரோவை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். அது மண்டபத்தின் ஹீட்டருக்கு. அவர் தனக்கென்று ஒரு காசு எடுத்து நான் பார்த்ததில்லை.

'மாஸ்டர்' என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரே அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். எழுபதைத் தாண்டியவரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊர் வழக்கப்படி 'மாஸ்டர்' என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது! அங்கேயும் பழைய நாளில் இதே சொல்தானாம். 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே நடன மாஸ்டர்கள் ஊர் ஊராக நடந்து போய், ஒரு குழல்காரரையோ பிடில்காரரையோ கூட்டிக்கொண்டு, சில வாரம் ஓர் ஊரில் தங்கிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 1770-களில் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்த ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர், ஏழைக் குடிசைகளில்கூட மூன்று மாதத்துக்கு ஆறு பென்ஸ் கொடுத்து நடனம் கற்றார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இடது வலது தெரியாத மாணவர்களுக்கு ஒரு காலில் வைக்கோல் கயிறு, மறு காலில் வளைத்த பச்சைக் குச்சி கட்டிவிட்டு "வைக்கோல் காலில் எழும்பு, குச்சிக் காலில் இறங்கு" என்று சொல்லிக்கொடுப்பார்களாம். எனக்கு மாஸ்டர் கயிறு கட்டவில்லை, ஆனால் முதல் மூன்று வாரம் என் வலது மணிக்கட்டில் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டார்.

செட் நடனம் பிறந்த இடம் பிரான்ஸ். அங்கே குவாட்ரில் என்று ஆடியதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைவீரர்களும் நடன மாஸ்டர்களும் கொண்டுவந்தார்கள். ஊர் மக்கள் தங்கள் ரீல், ஜிக், போல்கா மெட்டுகளை அதில் ஏற்றி அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கிளேரில் கலிடோனியன், தெற்கே கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லைப் பக்கம் ஸ்லீவ் லுக்ரா போல்கா செட், மேற்கே கானமாரா செட் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று. ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்க 1893-இல் தொடங்கிய கேலிக் லீக் என்ற அமைப்பு இவற்றை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கியது. 1935-இல் பொது நடன அரங்குகளுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. வீட்டுச் சமையலறையில் ஆடுவதற்கும் அதையே காட்டிப் பாதிரியார்களும் போலீசும் தொல்லை கொடுத்தார்கள். மாஸ்டரின் அம்மா காலத்தில் சமையலறைக் கல் தரையில்தான் எல்லா நடனமும். சத்தம் நன்றாக எழும்ப வேண்டும் என்று தரைக்கல்லுக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைப்பார்களாம்! அப்படிப்பட்ட வீடுகள் ஒவ்வொன்றாக அமைதியாகிவிட்டன என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும்.

மறுபடி எழுந்தது 1970, 80-களில். டிப்பரரி மாவட்டத்துக் குளோனுல்ட்டியில் பிறந்த கோனி ரயன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய், பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, மறந்துபோன செட்களைத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் கிளேரின் மில்டவுன் மால்பேயில் 1973 முதல் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்கு இசையும் நடனமும் கற்க ஒவ்வொரு ஜூலையும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சரி, மாஸ்டரிடம் வருகிறேன்.

அவர் யாரையும் ஓரமாக நிறுத்திப் பாடம் எடுப்பதில்லை. புதிதாக வந்தவர் யாரோ அவருக்குத் தானே ஜோடியாக நிற்பார். நன்றாக ஆடுகிறவர்களுக்கு அவரோடு ஆடும் வாய்ப்பே கிடைக்காது. வாயால் அடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே, தவறான பக்கம் திரும்பப் போகும் நம் தோளை ஒரு விரலால் தொடுவார். அவ்வளவுதான், உடம்பு சரியான பக்கம் போய்விடும். ஜோடியாகச் சுழலும் ஸ்விங் செய்யும்போது எனக்குத் தலை சுற்றியது. "தரையைப் பார்க்காதே, என் முகத்தைப் பார். வலது கால் அச்சு, இடது காலால் தள்ளு. உன் பாரத்தை என் மேல் போடாதே, என் பாரத்தை நீ வாங்காதே" என்றார். அன்றோடு தலைசுற்றல் நின்றது.

அவரிடம் நான் மிகவும் மதிக்கிற விஷயம், எவரிடமிருந்தும் கற்றுக்கொள்வார். ரீலுக்கும் ஜிக்குக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் காதில் சட்டென்று விழுந்தது: ஜிக் என்றால் தகிட தகிட, ரீல் என்றால் தகதிமி தகதிமி. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இசையை நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இப்போது சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பங்குப் பள்ளிப் பிள்ளைகள் கால் தட்டிக்கொண்டே "தகிட தகிட" என்கிறார்கள். முதன்முதலில் அதைக் கேட்ட நாள் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன்.

2020 மார்ச்சில் மண்டபம் மூடியது. மாஸ்டர் செவ்வாய்தோறும் எட்டரைக்கு ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். நடனம் பற்றிப் பேச மாட்டார். மாடு, மழை, சாப்பிட்டாயா, அவ்வளவே. அந்த இரண்டு வருஷத்தில் எங்களில் இருவர் இறந்துபோனார்கள். மண்டபம் மறுபடி திறந்தபோது நாங்கள் ஆறு பேர். எதிர்ச் சுவரோரம் இரண்டு நாற்காலியைப் போட்டு, அந்த ஜோடி அங்கே நிற்பதாக நினைத்து ஆடச் சொன்னார். எல்லோரும் அந்த இடம் வரும்போது கையை நீட்டி வெறுங்காற்றைப் பிடித்துத் திரும்பினோம்.

பிறகு உக்ரைனிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் பழைய விடுதியில் தங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரே போய்க் கதவைத் தட்டினார். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. விரலை விட்டு எட்டு வரை எண்ணிக் காட்டினாராம்.

போன வருஷம் அவருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை. ஆடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மேடை ஓரம் உட்கார்ந்து கைத்தடியால் தாளம் போடுகிறார். அவர் இடத்தில் புதியவர்களுக்கு ஜோடியாக நிற்பது இப்போது நான். இன்று செவ்வாய். போகும் வழியில் மூன்று பேரை ஏற்ற வேண்டும், கிளம்புகிறேன்.