அசலின் மறுபாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதில் விளையாடிய சூப்பர் நின்டெண்டோ கேம் கன்சோலைச் சென்ற மாதம் பரணிலிருந்து இறக்கி, வீட்டிலுள்ள புதிய எல்சிடி தொலைக்காட்சியில் இணைத்தேன். அது உயிர்பெற்றபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆட்டம் கைக்கு வரவில்லை. தாவும் பொத்தானை அழுத்தினால் சற்றுப் பிந்தியே தாவுகிறது. பள்ளம் தவறாமல் விழுகிறேன். நாற்பதைத் தாண்டிவிட்டேன், விரல்களுக்கு வயதாகிவிட்டது போலும். என் பத்து வயது மகளோ அதே ஆட்டத்தை மடிக்கணினியில், பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் நிரலை வைத்து, தவறும்போதெல்லாம் ஆட்டத்தைப் பின்னோக்கி ரீவைண்ட் செய்து முடித்தே விட்டாள். அது போலி, உண்மையான ஆட்டம் இதுதான் என்று கண்டித்து நிறுத்திவிட்டேன். அசல் கருவியில் ஆடுவதே முறை என்பதுதானே உங்கள் கருத்தும்? பழைய ஆட்டங்களின் நகலான ரோம் கோப்புகளை இறக்கிக்கொள்வது திருட்டு இல்லையா? பழைய கன்சோலின் மின்சுற்றையே ஒரு சிப்பில் அமைத்துக்காட்டும் எஃப்பிஜிஏ கருவிகளைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

எம்.

அன்புள்ள எம்,

முதலில் உங்கள் விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் தன் கையையே சந்தேகிக்கும் அளவுக்கு ஒரு தொலைக்காட்சி செய்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம். உங்கள் கன்சோல் நொடிக்கு 60 முறை, ஏறத்தாழ 240 வரிகள் கொண்ட முழுப் படத்தை அனுப்புகிறது. இன்றைய தொலைக்காட்சிகளில் பல அதை, ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும் 480 வரிப் படம் என்று தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத இரு பாதிகளை ஒட்டவைக்கப் பார்க்கின்றன. பிறகு பெரிதாக்கி, கூர்மையாக்கி, நிறத்தைத் திருத்தி, எல்லாம் முடிந்த பின்னரே திரைக்கு அனுப்புகின்றன. ஒரு படத்துக்கான நேரம் 16.7 மில்லிநொடிதான். இந்த ஒப்பனைகள் முடிவதற்குள் பல படங்கள் கடந்துபோயிருக்கும். நீங்கள் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்து அழுத்துகிறீர்கள்; கன்சோலைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே பள்ளத்துக்குள் இருக்கிறீர்கள். தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதை இயக்குங்கள், ஓரளவு தீரும்.

என் அனுதாபம் இத்துடன் முடிந்தது. காலம் பிந்தி, குழைந்துபோய், பெரும்பாலும் பக்கவாட்டில் அகலமாக இழுபட்டுத் தெரியும் ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ‘உண்மையான ஆட்டம் இதுதான்’ என்று ஒரு குழந்தையை அதட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்கள் பரணிலிருந்து இறக்கியது அசலில் பாதி. மறுபாதி பிக்சர் ட்யூப் தொலைக்காட்சி. அதை என்றோ எடைக்குப் போட்டிருப்பீர்கள்.

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. முழுப் படம் ஒன்றை எழுதிச் சேமித்து வைக்கும் நினைவகமே அந்தக் காலத்துக் கன்சோல்களில் கிடையாது. குழாய்க்குள் எலக்ட்ரான் கதிர் ஒரு வரியைக் கடக்கும் நேரத்திலேயே, அந்த வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சிப் கணக்கிட்டு அனுப்பிக்கொண்டிருக்கும். கதிரும் சிப்பும் ஒரே கடிகாரத்தில் ஓடின, நடுவில் காத்திருப்பு இல்லை. வாத்துகளைச் சுடும் ஆட்டத்துக்காக நின்டெண்டோ விற்ற துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டதா என்பதே கேள்வி. கன்சோல் அசலாக இருக்கலாம், துப்பாக்கியும் அசலாக இருக்கலாம், எல்சிடி திரையில் அது ஒரு வாத்தைக்கூட வீழ்த்தாது.

நிறங்களும் அப்படித்தான். 1991இல் வந்த ‘சோனிக்’ ஆட்டத்தின் முதல் கட்டத்தில் ஓர் அருவி உண்டு. அந்த ஆட்டம் ஓடிய மெகா டிரைவ் கன்சோலின் சிப்புக்கு ஒரு படத்தின் ஊடாக மற்றொன்றைப் பாதி தெரியும்படி காட்டும் திறன் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஓவியர்கள் அருவியைச் செங்குத்துக் கோடுகளாக, ஒன்று விட்டு ஒன்று, நடுவில் வெற்றிடம் விட்டு வரைந்தார்கள். சாதாரண வீடியோ கேபிள் வழியாகக் குழாய்த் திரைக்கு வரும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். கேபிளின் தரக்குறைவை நம்பி வரையப்பட்ட ஓவியம் அது. இன்று கூர்மையான திரையில் பார்ப்பவருக்குக் கம்பி வேலிதான் தெரிகிறது. உங்கள் கன்சோல் வரையும் 256க்கு 224 பிக்சல் படமும் 4:3 திரைக்கு விரிந்து நிறையும் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் வரையப்பட்டது. பிக்சலைச் சதுரமாகவே காட்டும் எமுலேட்டரில் எல்லாரும் ஒல்லியாகத் தெரிவார்கள், 16:9 திரைக்கு இழுத்துவிட்டால் எல்லாரும் பருத்துப்போவார்கள். நல்ல எமுலேட்டர்களில் குழாய்த் திரையின் கசிவையும் வரிகளையும் கணக்கிட்டுப் போலச்செய்யும் ஷேடர்கள் இருக்கின்றன. குழாய்த் திரையின் உட்புறப் பாஸ்பர் பூச்சின் ஒளிர்வை அவை முழுமையாகக் கொண்டுவருவதில்லை என்பது உண்மை. ஆனாலும் உங்கள் மகளின் மடிக்கணினியில் அப்படியொரு ஷேடர் ஓடியிருந்தால், அசலுக்கு அருகில் இருந்தது அவள்தான்.

எமுலேட்டரை நகல் எடுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அதை எழுதுபவர்களின் உழைப்பை அறியாதவர்கள். பழைய நூலுக்கு உரை எழுத உட்கார்ந்தவரைப் போல, இயந்திரம் ஏன் இந்த இடத்தில் இப்படி நடந்துகொள்கிறது என்று சொல் சொல்லாகக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். சூப்பர் நின்டெண்டோவில் ‘ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல்’ என்றொரு ஆட்டம் இருந்தது. விமானத்தின் அடியில் தரையில் ஒரு நிழல் விழும். ஒரு வரி பாதி வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சிப்பின் அமைப்பை மாற்றித்தான் நிரலாளர் அந்த நிழலை வரவழைத்தார். முழு வரியை ஒரே மூச்சில் வரைந்துவிடும் எமுலேட்டர்களில் நிழல் விழவே இல்லை. பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதியவர் இத்தகைய நுணுக்கங்களுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஓர் இயந்திரத்தைப் பிழையின்றி நடத்திக்காட்ட 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் போலி என்றால் என்னிடம் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

எமுலேட்டர்காரர்களும் மகிழ்ந்துவிட வேண்டாம். ‘கிரேடியஸ் 3’ ஆட்டத்தின் சூப்பர் நின்டெண்டோ வடிவத்தில் குண்டுகள் பெருகும்போது இயந்திரம் மூச்சுத் திணறி, ஆட்டமே மெதுவாகிவிடும். அது குறைதான். ஆனால் அந்த மந்தமான நேரத்தில்தான் குண்டுகளின் நடுவே வழி கண்டுபிடிக்க ஆட்டக்காரர்கள் பழகியிருந்தார்கள். 2019இல் ஒருவர் அந்தத் தடங்கலை நீக்கும் ஒரு பேட்ச், அதாவது திருத்த நிரல், வெளியிட்டார், அபாரமான வேலை. ஆட்டம் தடையின்றி ஓடியது, முன்னைவிடக் கடினமாகவும் ஆகிவிட்டது. குறையைத் திருத்தும் வசதி கையில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணில் பட்ட குறையையெல்லாம் திருத்தினால், மிஞ்சுவது வேறொரு ஆட்டம்.

ரீவைண்ட் எனக்கும் பிடிக்காது. ஆனால் அதை அநாகரிகம் என்று சொல்ல உங்கள் தலைமுறைக்கு உரிமை இல்லை. ஆட்டம் அடங்கிய கார்ட்ரிட்ஜுக்கு அடியில் செருகி, உயிர்களைக் குறையாமல் வைத்துக்கொள்ளும் கேம் ஜீனி என்ற கருவி 1990இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் ‘மெட்ராய்ட்’ ஆடியவள். அந்தக் கார்ட்ரிட்ஜில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. ஆட்டம் முடியும்போது 24 எழுத்துகள் கொண்ட ஒரு கடவுச்சொல் திரையில் வரும். அக்கா அதை ஒரு கோடு போட்ட நோட்டில், திரையில் இருப்பதுபோலவே ஆறு ஆறாகப் பிரித்து எழுதுவாள். பெரிய ஓ எழுத்தும் பூஜ்யமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிப்பாள். சில ஓரங்களில் சுரங்கப் பாதைகளின் வரைபடம்; குண்டு வைத்துப் பார்க்க வேண்டிய சுவர்களுக்குப் பெருக்கல் குறி. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. சில காலம் முன்பு அதில் ஒரு பக்கத்தைப் பார்த்து எமுலேட்டரில் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. ஆட்டத்தின் நார்ஃபேர் பகுதியில் நாயகி சாமஸ் நின்றாள், அக்கா சேர்த்து வைத்த ஏவுகணைகள் அப்படியே இருந்தன, ஆற்றல் மட்டும் கடவுச்சொல்லில் தொடங்கும் எல்லாருக்கும் போல 30. அந்த எழுத்துகளைத் தந்த இயந்திரம் எப்போதோ பழுதாகிப் போனது. அதைப் பார்த்தறியாத ஒரு கணினி அந்த எழுத்துகளுக்கு அதே பொருள் கொண்டது. தொலைபேசியில் அக்காவிடம் சொன்னபோது அவள் நெகிழவெல்லாம் இல்லை. “பெருக்கல் குறி போட்ட சுவரில் குண்டு வைத்தாயா?” என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் மகளிடமும் அப்படி ஏதாவது கேளுங்கள். இந்த ஒரு கட்டத்தை ரீவைண்ட் இல்லாமல் ஆடிக்காட்டு என்று சொன்னால், தடுத்தால் வராத ஆர்வம் வரும்.

ரோம் கோப்புகள் திருட்டா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எமுலேட்டர் எழுதுவதற்காக, கன்சோலைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று சோனி–கனெக்டிக்ஸ் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆட்டங்களைப் பகிர்வது வேறு கணக்கு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வையும் அந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எஃப்பிஜிஏ நல்ல தொழில்நுட்பம். ஆனால் அங்கும் யாரோ ஒருவர் இயந்திரத்தைப் புரிந்துகொண்ட அளவுக்குத்தான் அது அசல்.

உங்கள் கன்சோலும் நீங்கள் நினைப்பதுபோல அப்படியே உறைந்து நிற்கவில்லை. அதன் ஒலிச் சிப்புக்குத் தனிக் கடிகாரம், அதில் துடிப்பைத் தருவது மலிவான செராமிக் ரெசனேட்டர். நொடிக்கு 32,000 ஒலி மாதிரிகள் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. இன்று அளந்து பார்த்தால் கன்சோல்கள் பலவும் அதைவிடச் சற்று வேகமாகவே ஓடுகின்றன. அந்த ஒலி வேறுபாடு காதுக்குப் புலப்படாது. பேட்டரி அப்படி அல்ல. ஆட்டத்தைச் சேமிக்கும் கார்ட்ரிட்ஜுகளுக்குள் பெரும்பாலும் பற்றவைத்த ஒரு 3 வோல்ட் நாணய பேட்டரி இருக்கும். நீங்கள் சிறுவயதில் சேமித்த ஆட்டம் இன்னும் அழியாமல் இருந்தால், அதன் தயவில்தான் இருக்கிறது. புதியது போடலாம் என்று அவசரப்பட்டு அதைப் பெயர்த்தெடுத்தால், எடுத்த கணமே சேமிப்பு அழிந்துவிடும். முதலில் ஒரு கார்ட்ரிட்ஜ் ரீடர் வாங்கி, சேமிப்பை கோப்பாகக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றிய பிறகு அதையே திரும்ப எழுதிவிடலாம். அந்தக் கோப்பு நீங்கள் தடைசெய்த அந்த எமுலேட்டரிலும் திறக்கும், மகளே செய்து தருவாள். ரீடரில் செருகும் முன் கார்ட்ரிட்ஜின் உலோக முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சிலின் ஈரம் முனைகளை அரிக்கும். ஊதிப் பார்த்தேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதினால் என்னிடமிருந்து பதில் வராது.

அன்புடன்,
ஆசிரியர்