மாயா காடும் லேசரும் – கடிதம்

வணக்கம் சார்,

விமானத்திலிருந்து லேசரை அனுப்பி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மறைந்துகிடக்கும் பழைய மாயா நாகரிகத்தின் நகரங்களைக் கண்டுபிடிப்பது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அவ்வளவு அடர்ந்த காட்டை லேசர் எப்படித் துளைக்கிறது? நான் தொல்லியல் படிக்க ஆசைப்படுகிறேன். இனி தோண்டுவதற்கு வேலை இருக்குமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

லேசர் இலையைத் துளைப்பதில்லை, இலைகளின் இடுக்கு வழியாக இறங்குகிறது. நொடிக்கு ஒரு லட்சத்துக்கும் குறையாத ஒளித்துடிப்புகள். பெரும்பாலானவை மரத்திலேயே பட்டுத் திரும்பிவிடும், சில தரையைத் தொடும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு, மரத்தில் பட்ட புள்ளிகளைக் கணினியில் நீக்கினால் மிஞ்சுவது தரை.

பெலிஸ் நாட்டில் கரக்கோல் என்ற பழைய மாயா நகரைத் தொல்லியலாளர்கள் ஆர்லன் சேஸ், டயான் சேஸ் தம்பதி 1985 முதல் புதரை வெட்டி வழி உண்டாக்கி அளந்துவந்தார்கள். சுமார் 25 ஆண்டுகளில் 23 சதுர கிலோமீட்டர். 2009 ஏப்ரலில் லேசர் விமானம் சில நாட்களிலேயே 200 சதுர கிலோமீட்டரை அளந்துவிட்டது. செய்திகளில் பிரமிடுகள்தான் வரும். எனக்கோ அந்தப் படங்களில் மலைச்சரிவெங்கும் வரிவரியாக இறங்கும் வயல்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மழையில் மண் அரித்துப்போகாமல் குடியானவர்கள் கல் அடுக்கிக் கட்டிய வரப்புகள் அவை. ஒரு லட்சம் பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் ஊருக்குச் சோறு போட்டவர்களை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சரி, தோண்டும் வேலைக்கு வருவோம். லேசர் வடிவத்தைக் காட்டும், வயதைச் சொல்லாது. 500 ஆண்டு இடைவெளியில் கட்டிய இரண்டு வீடுகளும் படத்தில் ஒரே மாதிரி மேடாகத்தான் தெரியும். மெக்சிகோவின் அகுவாடா ஃபெனிக்ஸில் 1,400 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்மேடை இருக்கிறது. மாடு மேயும் நிலம். மேலே நடப்பவருக்கு வெறும் மேட்டுநிலம். லேசர் படத்தில்தான் நீள்சதுரம் துலங்கியது. ஆனால் அது கி.மு. 1000–800 காலத்தது என்று உறுதியானது, தொல்லியலாளர் தக்கேஷி இனோமாட்டா குழுவினர் தோண்டியெடுத்த கரித்துண்டுகளை, வயதைக் கணிக்கும் கார்பன் சோதனை செய்த பிறகுதான்.

வடக்குக் குவாத்தமாலாவில் மட்டும் 61,480 கட்டுமானங்கள் லேசரில் பதிவாயின. தோண்டிப் பார்த்தவை மிகச் சில. வேலை கூடித்தான் இருக்கிறது.

தாராளமாகப் படியுங்கள். அப்புறம், லேசர் படங்களை வாசிக்கவும் பழகுங்கள். 2024-இல் அறிவிக்கப்பட்ட மெக்சிகோவின் வலேரியானா என்ற மாயா நகரம், காட்டு மரங்களில் சேர்ந்திருக்கும் கார்பனைக் கணக்கிட 2013-இல் வேறு யாரோ எடுத்து இணையத்தில் போட்டிருந்த அளவீடுகளில் கிடைத்தது. லூக் ஆல்ட்-தாமஸ் அதைத் தற்செயலாகக் கண்டபோது அவர் ஆய்வு மாணவர். இன்று பல அளவீடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரியில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.