தூளி கட்டிய விட்டம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தொடக்கப்பள்ளியில் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது மூன்றே பிள்ளைகள். நான் படித்தபோது இரண்டு பிரிவு வைத்தும் இடம் போதாது. ஆனால் மக்கள்தொகையில் சீனாவையே தாண்டிவிட்டோம் என்கிறார்கள். எது உண்மை? ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சொன்னபடி கேட்ட நமக்கு, மக்கள்தொகைப்படி பிரித்தால் எம்.பி. இடங்கள் குறையுமாம். இனி நிறையப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதானா?

ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் உண்மைதான். (மூன்றே பேர் சேர்ந்ததற்கு உங்கள் ஊருக்குள் வந்துபோகும் ஆங்கிலப் பள்ளி வேனும் ஒரு காரணமாக இருக்கும். சரி, அது தனிக் கதை.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.4 பிள்ளைகள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அது 2.0. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். தமிழ்நாடு 2005-06லேயே 1.8க்கு வந்துவிட்டது. ஆனால் தொண்ணூறுகளில் பிறந்த பெருங்கூட்டம்தான் இன்று தாய் தகப்பன். ஆளுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்தினாலும், பெறுகிறவர்களே ஏராளம். தாத்தா பாட்டிகளும் முன்போல அறுபதில் போய்விடுவதில்லை. அதனால் நாட்டின் எண்ணிக்கை இன்னும் சில பத்தாண்டுகள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். 2023இல் நாம் முந்தியபோது சீனா இறங்கவே ஆரம்பித்திருந்தது.

‘சொன்னபடி கேட்டோம்’ என்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். என் அப்பத்தா ஒன்பது பெற்றாள், நின்றது ஐந்து. ஊர் வீட்டு விட்டத்தில் தூளிக் கயிறு அறுத்த தடம் இன்னும் இருக்கிறது, விரலை வைத்தால் பதியும். ‘தங்குறது எத்தனையோ’ என்பதுதான் அவள் போட்ட கணக்கு. அம்மா மூன்றாவது பிரசவத்தோடு ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்துகொண்டாள். சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து அல்ல. மூன்றும் பிழைத்துக்கொண்டன, மூன்றையும் படிக்கவைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அரசு நிஜமாகவே கட்டாயப்படுத்திய காலமும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல், ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள், பெரும்பாலும் ஆண்களுக்கு. 1977 தேர்தலில் ஆட்சி போனது, ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் கணக்கில் சேர்க்கிற அளவுக்குக்கூட இல்லை. ஆகவே ‘நாம்’ கேட்டோம் என்று நீங்களும் நானும் சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

எம்.பி. இடங்கள் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. 1971 கணக்கெடுப்போடு இடங்களை நிறுத்திவைத்ததே, பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்றுதான். அதைச் சட்டத்தில்தான் சரிசெய்ய வேண்டும், பிரசவ வார்டில் அல்ல. 2024 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், பதினாறு பெற்றுக்கொண்டால் என்ன என்று வேடிக்கையாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தென்கொரியா வேடிக்கையாக அல்ல, கோடிகோடியாகப் பணம் கொட்டியே கேட்டுப் பார்த்தது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72.

சென்னையில் இருக்கும் என் மகளுக்கு ஒரே பிள்ளை. அவள் ஃபிளாட்டில் விட்டமும் இல்லை, கொக்கியும் இல்லை. ஸ்டாண்டில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டில்தான். போன பொங்கலுக்கு, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமே என்று பேச்செடுத்தேன். “நீங்க வந்து பாத்துக்குவீங்களாப்பா?” என்றாள். கரும்பு என்ன விலை என்று கேட்டுவிட்டேன்.