வெள்ளைத் தாளாக வந்தால் பிரிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் சின்ன இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஒன்றரை மாதம் அதைத் தொடவே இல்லை. இப்போது மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக எடுத்தால் கலர் வருகிறது, கறுப்பு எழுத்து மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால் பாதிக்கு மேல் இங்க் இருப்பதாகக் காட்டுகிறது. கிளீனிங் ஆறு முறை கொடுத்துவிட்டேன். கடையில் கேட்டால் "ஹெட் போச்சு, புது பிரிண்டர் வாங்கிடுங்க" என்கிறார்கள். உண்மையிலேயே வேறு வழி இல்லையா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: இருக்கிறது. முதலில் இனி கிளீனிங் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது இங்க்கை உறிஞ்சிக் கொட்டுகிறது, அடைத்துக்கொண்ட கறுப்பு அசையாமல் அப்படியே இருக்க, நன்றாக இருக்கும் கலர்தான் வீணாகிறது.

அப்புறம் அந்த "ஹெட் போச்சு". ஹெட் என்பது தாளில் இங்க்கைத் தெளிக்கும் பாகம். உங்களுடையது போல இரண்டே கார்ட்ரிட்ஜ் போடும் சின்ன பிரிண்டர்களில் ஹெட் பெரும்பாலும் பிரிண்டரில் இருப்பதில்லை, கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடியில் பளபளவென்று ஒரு சின்னத் தகடும், பக்கவாட்டில் செம்பு நிறப் புள்ளிகளும் இருந்தால் அந்த ரகம்தான். அப்படியென்றால் ஹெட் போனாலும் போனது ஒரு கார்ட்ரிட்ஜ்தான், பிரிண்டர் அல்ல. கலர் ஒழுங்காக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் பிரிண்டர் நன்றாகவே இருக்கிறது. இதைச் சொல்லாமல் புதுசு வாங்கச் சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

அந்தத் தகட்டில் தலைமுடியைவிட மெல்லிய ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டி ஹீட்டர். அது கண நேரம் சூடானதும் இங்க்கில் ஒரு ஆவிக் குமிழி கிளம்பி, ஒரு சொட்டை வெளியே தள்ளுகிறது. (1977இல் கேனான் ஆய்வகத்தில் இங்க் நிரப்பிய ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தவறிப் பட்டு இங்க் பீய்ச்சியடித்ததைப் பார்த்துத்தான் அங்கே இந்த யோசனை பிறந்தது.) கறுப்பு இங்க் பெரும்பாலும் நுண்ணிய பொடி கலந்தது, கலர் இங்க் நீரில் முழுக்கக் கரைந்த சாயம். சித்திரை வெயிலில், ஃபேன் காற்றில் ஒன்றரை மாதம் சும்மா கிடந்தால் கறுப்பு முதலில் காய்ந்து ஓட்டையை அடைப்பது இதனால்தான்.

சரி, செய்ய வேண்டியது இது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கை பொறுக்கும் சூட்டில் ஒரு தட்டையான மூடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் உப்பு ஓட்டையிலேயே படியும். கார்ட்ரிட்ஜின் அடித்தகடு மட்டும் நனையும்படி ஐந்து முதல் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், செம்புப் புள்ளிகளில் தண்ணீர் ஏறக் கூடாது. பிறகு மடித்த டிஷ்யூ பேப்பர் மேல் தகட்டை மெல்ல ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், தின்னர் பக்கமே போகாதீர்கள். டிஷ்யூவில் அடர்த்தியாகக் கறுப்புப் பட்டை விழுந்தால் அடைப்பு திறந்துவிட்டது. வெளிறிய கறை மட்டும் வந்தால் இன்னொரு முறை ஊறவைக்கலாம். அதற்கும் ஒன்றுமே வரவில்லை என்றால் உள்ளே இங்க் தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டர் காட்டும் அளவை நம்பி ஏமாறாதீர்கள். இந்த ரக கார்ட்ரிட்ஜ்களில் அது எத்தனை சொட்டு செலவானது என்று கூட்டிப் போடும் கணக்கு, உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை.

செம்புப் புள்ளிகளையும், கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தில் அவற்றைத் தொடும் ஊசிகளையும், நூல் பிரியாத பழைய வேட்டித் துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். பிரிண்டர் பிளக் அப்போது கழற்றியிருக்க வேண்டும். பத்து நிமிடம் காயவிட்டு மாட்டி, ஒரே ஒரு கிளீனிங் கொடுத்து, நாசில் செக் பக்கம் (எல்லா ஓட்டையிலும் இங்க் வருகிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம்) எடுங்கள். டிஷ்யூவில் கறுப்பு நன்றாக விழுந்தும் நாசில் செக்கில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கோடு விட்டுப்போனால் அங்கே ஹீட்டர் எரிந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது, அந்த ஒரு கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுங்கள்.

ப்ராஜெக்டை நாளைக்கே கொடுக்க வேண்டுமா? கறுப்பு கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டு அச்சடித்துப் பாருங்கள். இந்த ரகத்தில் பல மாடல்கள் மூன்று கலரையும் கலந்து கறுப்பு போலவே அடித்துக் கொடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், பிரிண்டரைச் சுவர் சுவிட்சில்தான் அணைக்கிறீர்களா? பவர் பட்டனை அழுத்தினால்தான் கார்ட்ரிட்ஜ் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடி மேல் உட்கார்ந்து, காயாமல் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் வேலைக்கு நடுவே அது திறந்தபடியே நின்றுவிடலாம். கரண்ட் போனாலும் இதே கதைதான், கரண்ட் வந்ததும் ஒரு முறை ஆன் செய்து பட்டனில் அணைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம் கறுப்பும் கலரும் சேர்த்து அடித்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ரீஃபில் செய்த பிறகும் இங்க் காலி என்றே காட்டுகிறது. சில பக்கங்கள் நன்றாக வந்து, பிறகு மங்குகிறது. (ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: காலி என்ற அறிவிப்பைப் பொருட்படுத்த வேண்டாம். பழைய கணக்கு அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். பல பிரிண்டர்களில் ஓகே கொடுத்தால் தாண்டிவிடும், கேனானின் பல மாடல்களில் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மங்குவதுதான் நான் கவலைப்படுகிற விஷயம். உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச். ஊசியை வேகமாக அழுத்தினால் காற்று புகுந்து, இங்க் கீழே இறங்காமல் நின்றுவிடும். மெதுவாக ஏற்றுங்கள், மேலே உள்ள காற்றுத் துளையை டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். மங்க ஆரம்பித்ததும் அச்சடிப்பதை நிறுத்திவிட்டு, அடித்தகடு கீழே இருக்கும்படி சில மணி நேரம் வையுங்கள். நிறுத்துவது ஏன் முக்கியம் என்றால், அந்தக் குட்டி ஹீட்டர்களைக் குளிர்விப்பதே இங்க்தான், வறண்டபடி அடிக்க அடிக்க அவை எரிந்துபோகும்.

கேள்வி: என்னுடையது எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர். கறுப்பில் கோடு விழுகிறது. நானும் ஊறவைக்கலாமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். உங்கள் பிரிண்டரில் ஹெட் பிரிண்டரோடு நிலையாக இருப்பது, கழற்றி ஊறவைக்கிற பொருள் அல்ல. ஒன்றிரண்டு முறை ஹெட் கிளீனிங் கொடுத்துப் பாருங்கள், சரியாகவில்லையென்றால் அணைத்துவிட்டு 12 மணி நேரம் தொடாதீர்கள். குழாயில் இருக்கும் காற்று அடங்கி, மறுநாள் காலை நாசில் செக்கில் கோடுகள் தாமாகவே திரும்புவது உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால்தான் பவர் கிளீனிங், அதாவது ஹெட் கிளீனிங்கைவிடப் பலமான கிளீனிங். அது நிறைய இங்க் குடிக்கும், எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.