லக்ஸம்பர்க்: மனைவியின் முழங்காலுக்கும் பேரனுக்கும் ஒரே ஊர்

கேள்வி: ஜெர்மனியிலுள்ள மகளைப் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து லக்ஸம்பர்க்கில் நடைப்பயணம் போக ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி. பேரனுக்கு 10 வயது, ஓரிடத்தில் நிற்க மாட்டான். இருவருக்கும் ஒத்துவரும் ஊர் உண்டா?

பதில்: எக்டர்னாக்கில் தங்குங்கள். ஊருக்கு வெளியே ஏரி. அதைச் சுற்றிச் சமதளப் பாதை. சக்கர நாற்காலியே போகும், பக்கத்தில் ரோமானியர் மாளிகையின் அடித்தளமும் உண்டு. மனைவிக்கு அது போதும்.

பேரனுக்கு முல்லர்தால் பாதை. மொத்தம் 112 கி.மீ., மூன்று வளையங்கள். முழுவதும் போக வேண்டியதில்லை. எக்டர்னாக்கிலிருந்து ஓநாய்ப் பள்ளத்தாக்கு வழியாக பேர்டார்ஃப் வரை நடந்து, பேருந்தில் திரும்புங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். பாறைப் பிளவுகளுக்குள் படிகள் ஏறி இறங்கும். சில இடங்களில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். பெரிய முதுகுப்பை சிக்கிக்கொள்ளும், சிறியதே போதும். கையில் டார்ச் இருக்கட்டும்.

சறுக்கல்தான் முக்கிய ஆபத்து. வெயில் எட்டாத மணற்பாறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாசி படியும். இலையுதிர் காலத்தில் சருகு வேர்களை மூடிவிடும். தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம். மனைவியை இங்கே அழைக்காதீர்கள்: முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை.

இருவரும் சேர்ந்து பார்க்க, ஷீசன்டியூம்பெல் அருவியும் 1879-இல் கட்டிய கல்பாலமும் சாலையை ஒட்டியே இருக்கின்றன. அருவி சின்னதுதான்; குற்றாலத்தை எதிர்பார்க்காதீர்கள்.

2020 மார்ச் முதல் நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயில் இரண்டாம் வகுப்பு இலவசம். எல்லை தாண்டினால் டிக்கெட் வேண்டும்.