மிளகு வியாபாரிக்கு ஜெயில் என்றால், ரூம் ரேட் குரூப்புக்கு?

ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா கேள்வி அனுப்பியிருக்கிறார். மூன்று ஏக்கர் காபி, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, வீட்டை ஒட்டி ஆறு ரூம் ஹோம்ஸ்டே. நீளமான கடிதம், சுருக்கிப் போடுகிறேன்.

"மிளகு காய்ந்ததும் சாம்பிள் எடுத்துக்கொண்டு போகிறேன். எங்கள் பக்கம் வாங்குகிறவர்கள் நாலு பேர்தான். முதல் ஆள் ஒரு விலை சொல்கிறார். இரண்டாவது ஆள் பையைப் பிரிக்கும் முன்னாலேயே 'அங்க எவ்வளவு சொன்னாங்க?' என்று கேட்டுவிட்டு அதே விலையைச் சொல்கிறார். மூன்றாவது ஆள் 'அவர் பார்த்த சரக்கா, அங்கேயே போட்டுடுங்கம்மா' என்கிறார். கொச்சிச் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் கம்மி. அமெரிக்காவில் இப்படி சிண்டிகேட் போட்டால் பத்து வருஷம் ஜெயில் என்கிறான் என் பையன். இங்கே இவர்களை உள்ளே தள்ள வழி உண்டா? இன்னொன்று, எங்கள் ஹோம்ஸ்டே வாட்ஸ்அப் குரூப்பில் மே மாதம் டபுள் ரூம் 3,500க்குக் கீழே யாரும் தரக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். அது தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள. அது வேறுதானே?"

வேறு இல்லை அக்கா. சொல்லப்போனால் உங்கள் கடிதத்தில் சட்டப்படி உறுதியாகத் தெரிகிற சிண்டிகேட் அந்தக் கடைசி வரியில் இருப்பதுதான், மிளகு விஷயத்தில் இருப்பது இன்னும் சந்தேகம் மட்டுமே. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

முதலில் ஜெயில். உங்கள் பையன் சொன்னது சரி. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்திலேயே இது குற்றம், 2004இல் அதிகபட்ச சிறையை மூன்று வருஷத்திலிருந்து பத்து வருஷமாக ஏற்றினார்கள். கனடாவில் 14 வருஷம் வரை, பிரிட்டனில் 5 வருஷம் வரை. ஆஸ்திரேலியா 2009இல் கிரிமினல் ஆக்கியது, நியூசிலாந்து 2021இல். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பேசி வைத்து விலை வைப்பதைத் தடை செய்கிறது, ஆனால் அதற்காக யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. அபராதம் மட்டும்தான். இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் போட்டி ஆணையம் போட்ட உத்தரவையே மதிக்காமல், கட்டச் சொன்னதையும் கட்டாமல் இழுத்தடித்தால்தான் மூன்று வருஷம் வரை சிறை என்ற பேச்சே வருகிறது. அதாவது சிண்டிகேட் போட்டதற்கு இல்லை, அடங்காததற்கு.

அபராதம்தானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். சிண்டிகேட் நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்த வருஷ லாபத்தின் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது வரைக்கும் போடலாம். கம்பெனியாக இருந்தால் உள்ளே உட்கார்ந்து முடிவெடுத்த ஆளுக்கும் தனியாக, சிண்டிகேட் நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அவருடைய வருமானத்தில் 10 சதவீதம் வரை. 2021 செப்டம்பரில் பீர் கம்பெனிகள் விஷயத்தில் மொத்தம் 873 கோடி போட்டார்கள். அங்கேயும் பேச்சு நடந்தது பெரும்பாலும் தொழில் சங்கத்தின் வழியாகத்தான். சங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் தப்பு கழுவப்பட்டுவிடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்காகச் சொன்னேன்.

சரி, உங்கள் மிளகுக்கு வருவோம். நாலு பேரும் ஒரே விலை சொன்னால் அது சிண்டிகேட் ஆகிவிடாது. எல்லோருடைய போனிலும் காலையில் வருவது அதே கொச்சி விலை. அதில் வண்டி வாடகை, சுத்தம் செய்யும் கூலி, ஈரப்பதக் கழிவு, தன் லாபம் எல்லாம் கழித்தால் நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். கேஸ் சிலிண்டர் செய்யும் 40க்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஒரு டெண்டரில் அச்சு அசலாகவோ கிட்டத்தட்டவோ ஒரே விலை போட்டு, டெண்டருக்கு முன்னால் மும்பையில் ஒன்றாகக் கூடியும் இருந்தார்கள். ஆணையம் தண்டித்தது, ஆனால் 2018இல் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. வாங்குகிறவர் ஏறக்குறைய ஒரே ஆள், விற்கிறவர்களுக்குச் சந்தை அத்துப்படி, அப்படிப்பட்ட இடத்தில் விலை ஒத்துப்போவதை மட்டும் வைத்துப் பேசி வைத்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. என்னுடைய அபிப்பிராயத்தை வைத்து யாரும் கேஸ் ஜெயிக்க முடியாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

அப்போது எதைப் பிடிப்பது? உங்கள் மூன்றாவது ஆள் சொன்னதைத்தான். 'அவர் பார்த்த சரக்கா, அங்கேயே போட்டுடுங்கம்மா.' தொழில் செய்கிறவன் எவனாவது வந்த சரக்கைப் பார்க்காமலே அனுப்புவானா? அடுத்தவர் கை வைத்ததில் நாம் கை வைப்பதில்லை என்று ஒரு ஏற்பாடு இல்லாமல் அந்த வாக்கியம் வாயில் வராது. விலையைப் பேசி வைப்பது போலவே, இந்தத் தோட்டம் உனக்கு அந்தத் தோட்டம் எனக்கு என்று பங்கு போட்டுக்கொள்வதையும் சட்டம் அதே 3ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. விற்கும் விலை மட்டுமில்லை, வாங்கும் விலை என்றும் அந்தப் பிரிவில் சொல்லியே இருக்கிறது, ஆகவே வாங்குகிறவர்கள் கூடிப் பேசினாலும் மாட்டுவார்கள்.

எழுத்தில் எதுவும் இல்லையே என்பீர்கள். எழுத்து தேவையில்லை. சின்ன வயதில் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன், தரகர்கள் இரண்டு பேர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போட்டிச் சட்டத்தில் ஒப்பந்தம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம், அந்தத் துண்டுக்கு அடியில் நடப்பதையும் சேர்த்ததுதான். வாய்மொழி ஏற்பாடு, சும்மா ஒரு புரிதல், சேர்ந்து செயல்படுவது, எல்லாம் ஒப்பந்தமே. கோர்ட்டில் செல்லுமா செல்லாதா என்பதுகூட அங்கே கேள்வி இல்லை.

ஆனால் நிரூபிக்க ஏதாவது வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, யாரிடம் போனீர்கள், என்ன சொன்னார், அன்றைய கொச்சி விலை, உங்கள் சாம்பிளின் லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் மிளகின் எடை), ஈரப்பதம். விலை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்களை மாதிரி இன்னும் நாலு தோட்டக்காரர்கள் அவரவர் தனித்தனியாக இப்படி ஒரு சீசன் எழுதி வைத்து, கொச்சி ஏறின நாளிலும் இங்கே விலை அசையவே இல்லை, இறங்கின நாளில் மட்டும் நாலு பேரும் சேர்ந்து இறக்கினார்கள் என்று தெரிந்தால் அது பேசும். லிட்டர் வெயிட்டையே குறைத்துக் காட்டுகிறார்கள், தராசில் விளையாடுகிறார்கள் என்றால் அது வேறு கதை, அதற்கு எடையளவு அதிகாரிகள் இருக்கிறார்கள், தொழிலாளர் துறையில் கேளுங்கள், அது சீக்கிரமும் நடக்கும்.

ஆணையத்துக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், வக்கீல்கூட அவசியமில்லை. தனி ஆளாகக் கொடுத்தால் கட்டணம் 5,000 ரூபாய். தலைமையிடம் டெல்லி, 2021 முதல் சென்னையில் தென் மண்டல அலுவலகமும் இருக்கிறது. உங்கள் பெயரை வெளியில் விடாமல் வைக்கும்படி கேட்கலாம், நாலே பேர் வாங்கும் மலையில் இது முக்கியம். விஷயம் நடந்து மூன்று வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், 2023இல் கொண்டுவந்த திருத்தம் அது. அபராதப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் நஷ்டத்தை வாங்க அப்புறம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். 2012இல் 11 சிமென்ட் கம்பெனிகளுக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் அபராதம் போட்டார்கள், அதில் நம் சங்ககிரியில் ஆலை வைத்திருந்த கம்பெனியும் ஒன்று. வாதத்தைக் கேட்காதவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார் என்று 2015இல் அது ரத்தானது, 2016இல் மறுபடி போட்டார்கள், 2018இல் தீர்ப்பாயம் சரி என்றது, அங்கிருந்து உச்ச நீதிமன்றம். அந்த அபராதம் போட்ட வருஷம் ஒன்றாவது சேர்ந்த பிள்ளை இப்போது காலேஜ் வயதில் இருக்கும்.

இதைப் பார்த்துத்தான் பலரும், அபராதம் வேலைக்காகாது, ஜெயிலில் போடு என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அபராதத்தைக் கம்பெனி கடைசியில் மூட்டை விலையில் ஏற்றி நம்மிடமே வாங்கிவிடும், ஓட்டலில் உட்கார்ந்து விலை பேசின அதிகாரிக்குச் சம்பளமும் போனஸும் கிடைத்தபடி இருக்கும். ஜெயில் ஒன்றைத்தான் கம்பெனி கணக்கில் எழுத முடியாது. ஆனால் கிரிமினல் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் 2008இல் எண்ணெய்க் கப்பல்களுக்கான ரப்பர் குழாய் சிண்டிகேட்டில் மூன்று பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அடுத்து வந்த பெரிய வழக்கு, விமானக் கம்பெனி அதிகாரிகள் மேல் போட்டது, உரிய நேரத்தில் காட்ட வேண்டிய மின்னஞ்சல்களை அரசுத் தரப்பு காட்டாததால் 2010இல் விசாரணை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கவிழ்ந்தது. இங்கே ஜெயில் கொண்டுவந்தால் முதலில் மாட்டுவது யார் என்று யோசியுங்கள். நாலு வக்கீல் வைத்த கம்பெனியா, வாட்ஸ்அப்பில் 3,500 என்று பச்சையாக எழுதி வைத்திருக்கும் நீங்களா?

என்னைக் கேட்டால் அரசு டெண்டரில் ரிங் போடுகிறவர்களுக்கு, அதாவது முன்கூட்டியே பேசி வைத்து விலை போடுகிறவர்களுக்கு மட்டும் ஜெயில் கொண்டுவரலாம். அது பொதுப்பணம், அங்கே தெரியாமல் செய்தேன் என்று எவரும் சொல்ல முடியாது, ஜெர்மனிகூட டெண்டரில் கூட்டுச் சேர்வதைத்தான் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. இங்கேயும் டெண்டர் ரிங்கில் ஏமாற்று நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவில் வழக்குப் போட இடம் இருக்கிறது, போடுவதுதான் அபூர்வம்.

இப்போது உங்கள் குரூப். 'இதற்குக் கீழே தரக்கூடாது' என்பது விலை நிர்ணயம், அதில் இரண்டு கருத்து கிடையாது. ஆறு ரூம்தானே, நஷ்டத்தில்தானே ஓடுகிறது என்பதெல்லாம் அபராதத்தின் அளவைப் பாதிக்குமே தவிர, தப்பைச் சரியாக்காது. டெல்லியிலிருந்து ஆறு ரூமுக்காக ஆள் வருவார்களா என்றால், வர மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கோடை விழாவுக்கு வந்த ஒரு விருந்தாளி குரூப் ஸ்கிரீன்ஷாட்டோடு தகவல் கொடுத்தால் உங்கள் பெயரும் அதில் இருக்கும். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, கட்டைவிரல்கூடப் போடவில்லை என்றாலும் சும்மா இருந்ததைச் சம்மதம் என்றுதான் வாதாடுவார்கள்.

ஆகவே சத்தமில்லாமல் வெளியேற வேண்டாம். முதலில் ஒரு வரி போடுங்கள்: 'ரேட் பேசுவதில் எனக்குச் சம்மதம் இல்லை, என் ரூமுக்கு நானே விலை வைத்துக்கொள்கிறேன்.' அதற்கப்புறம் வெளியேறுங்கள். அல்லது ரேட் பேச்சை எல்லோரும் நிறுத்தினால் இருங்கள், தண்ணீர் லாரி, குப்பை, மே மாதம் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி தேங்கி நிற்பது, கூட்டத்தைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவது என்று பேச ஆயிரம் இருக்கிறது, அதெல்லாம் தாராளமாகப் பேசலாம். பழைய மெசேஜை அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் மறைக்க முயன்றார் என்று அதுவே தனிப் பிரச்சினை ஆகும், எப்படியும் மற்ற முப்பது போனில் அது இருக்கும். ஆணையத்திடம் முதலில் போய் உண்மையைச் சொல்கிறவருக்கு அபராதத்தில் 100 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு, இரண்டாவது ஆளுக்கு 50 வரை, மூன்றாவது ஆளுக்கு 30 வரை. அந்த பீர் வழக்கில் முதலில் போன கம்பெனி ஒரு பைசா கட்டவில்லை. உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது, ஆனால் அந்த நாலு மிளகு வியாபாரிகளில் யாராவது இதைப் படித்தால் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அப்படியென்றால் தோட்டக்காரர்கள் சேர்ந்து மிளகு விற்பதும் தப்பா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெறுமனே 'இந்த விலைக்குக் கீழே யாரும் போடாதீங்க' என்று பேசி வைத்தால் தப்பு. உண்மையிலேயே ஒரு உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிந்து, சரக்கை ஓரிடத்தில் சேர்த்து, காயவைத்து, தரம் பிரித்து, ஒரே விற்பனையாளராக விற்றால் அது தொழில், அதைச் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கிறது.

இந்த சீசன் மூட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதென்றால், அரைக் கிலோ சாம்பிளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிச் செவ்வாப்பேட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள். அந்த நாலு பேரோடு தொடர்பில்லாத இரண்டு கடையில் விலை கேளுங்கள், 'மேலே எவ்வளவு சொன்னாங்க' என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். வந்த விலையை அந்த நோட்டில் எழுதி எனக்கும் அனுப்புங்கள், 60 ரூபாயில் எவ்வளவு வண்டி வாடகை, எவ்வளவு சிண்டிகேட் என்று அப்போது பார்க்கலாம்.